பல பொருள்களுக்கோ துறைகளுக்கோ சேர்ந்து ஆகும் கூட்டுச் செலவைப் பங்கு போட்டபோது நடந்தது: உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

உப்புக்கரைசல்

குளோர்-ஆல்கலி ஆலையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தேதான் வரும். செலவில் பெரும்பகுதி மின்சாரம். எங்கள் இடத்தில் அதை எடைக் கணக்கில் பிரித்தார்கள்: காஸ்டிக்குக்கு 52 சதவீதம், குளோரினுக்கு 46, மீதி ஒன்று சொச்சம் ஹைட்ரஜனுக்கு. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயம் குளோரின் விலை விழுந்திருந்தது. மாதாந்திரக் கூட்டம். திரையில் மூன்று பத்தி, குளோரின் பத்தி முழுக்கச் சிவப்பு. வேறு தொழிலிலிருந்து புதிதாக வந்திருந்த இயக்குநர், "நஷ்டம் குளோரின்ல மட்டும்தானே? விலை ஏறுற வரைக்கும் அதை நிறுத்திட்டு காஸ்டிக் மட்டும் ஓட்டுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆலை மேலாளர் எழுந்து போய்ப் பலகையில் 80, 71, 2 என்று மூன்று எண்களை எழுதினார். "80 கிலோ காஸ்டிக் எடுத்தா 71 கிலோ குளோரின் வந்தே தீரும் சார், 2 கிலோ ஹைட்ரஜனும் வரும். வேணாம்னு சொல்ல எங்கிட்ட வால்வு இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் எங்கள் பக்கம் திரும்பி, "அப்புறம் ஏன் மூணுக்கும் தனித்தனியா லாப நஷ்டம் போட்டுக் காட்டுறீங்க?" என்றார்.

நிதித் தலைவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அதுதான் உறுத்துகிறது. அவருடைய யோசனை அபத்தம், சரி. ஆனால் கேள்வி அபத்தமில்லை. அடுத்த மாதமும் அதே மூன்று பத்திகள் வந்தன.

மாதக்கடைசி

எங்கள் கதையில் வேதியியல் கிடையாது, வெறும் வரிசைதான். பவர் ஹவுஸ், மராமத்து இரண்டும் சேவைத் துறைகள். உற்பத்தித் துறைகளை பி, க்யூ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 வரும்படி எண்களை மாற்றியிருக்கிறேன்.

பவர் ஹவுஸ் செலவு 600. அதில் 20 சதவீதம் மராமத்துக்கு, 50 பி-க்கு, 30 க்யூ-வுக்கு. மராமத்துச் செலவு 400. அதில் 10 சதவீதம் பவர் ஹவுஸுக்கு, 30 பி-க்கு, 60 க்யூ-வுக்கு. நாங்கள் ஸ்டெப்-டவுன் முறை: ஒரு சேவைத் துறையின் செலவு முழுவதையும் மற்றவர்களுக்குப் பிரித்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போவோம், மூடிய துறைக்குத் திரும்ப எதுவும் வராது. பவர் ஹவுஸை முதலில் மூடுவோம். பி தலையில் 473, க்யூ தலையில் 527 விழும்.

க்யூ துறைத் தலைவர் ஒரு தாளோடு வந்தார். கையாலேயே கணக்குப் போட்டிருந்தார். மராமத்தை முதலில் மூடினால் பி-க்கு 520, அவருக்கு 480. "ஒரு யூனிட் மின்சாரம்கூட மாறல, ஒரு போல்ட்கூட மாறல. வரிசை மாறினா எனக்கு 47 குறையுது. இந்த வரிசை எந்தச் சட்டத்துல இருக்கு?" அவர்களுடைய போனஸ் துறைச் செலவோடு கட்டப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மற்ற சேவைத் துறைகளுக்கு அதிகம் கொடுக்கிற துறைதான் முதலில் என்பது வழக்கம் என்றேன். "வழக்கமா, சட்டமா?" என்றார். அதற்குள் செய்தி எப்படியோ பரவி, பி துறைத் தலைவரும் வந்துவிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேர் கையிலும் சரியான கணக்கு. இரண்டும் கூட்டினால் 1000 வருகிறது. நடுவில் நான்.

கடைசியில் சமன்பாடு போட்டு, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டோம். பி 486, க்யூ 514. இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

தணிக்கைப்பை

உப்புக்கரைசல், உங்கள் பிரச்சினையே எடைதான். ஹைட்ரஜன் எல்லாவற்றிலும் லேசான வாயு. அதை எடையில் அளந்தால் செலவே இல்லாத மாதிரித்தான் தெரியும். விற்பனை மதிப்பில் பிரித்திருந்தால் அந்தச் சிவப்புப் பத்தியே வந்திருக்காது. சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2, 14ஆம் பத்தியைப் பாருங்கள். கூட்டுப் பொருள்களின் செலவை நியாயமான, மாறாத அடிப்படையில் பிரிக்கச் சொல்கிறது. உதாரணமாகச் சொல்வது விற்பனை மதிப்பைத்தான். பொருள்கள் பிரிகிற கட்டத்து மதிப்போ, உற்பத்தி முடிந்த பிறகான மதிப்போ, எதுவானாலும் சரி.

என் அனுபவம் ஃபீனால் ஆலை. குமீன் என்ற வேதிப்பொருள் வழியாக எடுத்தால் ஒரு டன் ஃபீனாலுக்கு ஏறக்குறைய 0.6 டன் அசிட்டோன் வரும். இருப்பு மதிப்பைச் சரிபார்க்கும்போது அந்த ஆண்டு அசிட்டோனின் பங்கு திடீரென ஏறியிருந்தது. ஏன் என்று கேட்டேன். விற்பனை மதிப்பிலிருந்து எடைக்கு மாறிவிட்டார்களாம். காரணம்? மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அசிட்டோன் ஸ்டாக் நிறைய இருக்கு சார்" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலை எந்தத் தணிக்கையிலும் நான் கேட்டதில்லை. விற்காத சரக்கின் மேல் செலவை ஏற்றினால் இந்த ஆண்டு லாபம் கூடும், அவ்வளவுதான்.

உப்புக்கரைசல்

@தணிக்கைப்பை, விற்பனை மதிப்பில் பிரித்தால் சிவப்பு மறையும் என்பது உண்மை. பொருள்கள் பிரிந்த பிறகு மேலே ஆகும் செலவு எதுவும் இல்லாவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே சதவீத லாபம்தான் காட்டும். விலை விழுந்த பொருளுக்குச் செலவும் தானாகக் குறைந்துவிடும். இருப்பு மதிப்புக்கு இது போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயக்குநர் கேட்டது இருப்பு மதிப்பைப் பற்றியா? சிவப்பு இருந்தபோதாவது அவருக்கு ஒரு கேள்வி வந்தது.

எங்கள் தொழிலில் விலை பேசுகிறவர்கள் ஈசியு (எலக்ட்ரோகெமிக்கல் யூனிட்) என்று ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்: ஒரு டன் குளோரினும் அதோடு வரும் 1.1 டன் சொச்சம் காஸ்டிக்கும் சேர்ந்து ஒரே அலகு. சந்தை சேர்த்துப் பார்ப்பதை நாம் மூன்று பத்தியாக வெட்டுகிறோம்.

கால்குலேட்டர்

@மாதக்கடைசி, எக்செல் இருக்கும் காலத்தில் ஸ்டெப்-டவுன் எதற்கு? சமன்பாட்டை முதலிலேயே போட்டிருந்தால் வரிசைச் சண்டையே இருந்திருக்காது.

ஆனால் அதிலும் ஒரு தலைவலி உண்டு. உங்கள் எண்களிலேயே பாருங்கள், பவர் ஹவுஸ் 653 ஆகும், மராமத்து 531 ஆகும். இப்படி ஓர் அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தபோது எங்கள் பொது மேலாளர் பேனாவால் இரண்டையும் கூட்டி, அடியில் 1184 என்று எழுதி வட்டம் போட்டார். "செலவானது 1000. 184 எங்கேர்ந்து வந்துச்சு?" அந்த 184, இரண்டு துறைகளும் தமக்குள் மாற்றிக்கொண்டது, உற்பத்தித் துறைகளுக்குப் போய்ச் சேர்வது 1000தான் என்று சொல்லிப் பார்த்தேன். வட்டத்தை இன்னும் அழுத்திப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து நேரடி முறை: சேவைத் துறைகள் ஒன்றுக்கொன்று எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வது. உங்கள் எண்களில் அது பி 508, க்யூ 492. அவருக்குப் புரிந்தது, அதனால் நிலைத்தது.

மூன்றாம்_ஷிப்ட்

நான் கணக்குக்காரன் இல்லை, இயந்திரத்தோடு இருப்பவன். எங்கள் பிரிவு ஒரு பொருளை மேலும் சுத்திகரித்து விற்றது. பிரிந்த இடத்திலேயே விற்றால் 30 கிடைக்கும். நாங்கள் 15 செலவழித்து 55க்கு விற்றோம். ஆனால் அறிக்கையில் கூட்டுச் செலவாக 45 எங்கள் தலையில் இருந்தது. 55இல் 15 போய், 45 போய், 5 நஷ்டம். மூடச் சொல்லிவிட்டார்கள்.

மூடினோம். பொருள் வந்துகொண்டேதான் இருந்தது. 30க்கு விற்றார்கள். 45 அப்படியே நின்றது. நஷ்டம் 15 ஆனது. அந்த அறிக்கை வந்த அன்று எங்கள் ஃபோர்மேன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். யார் ஒட்டியது என்று இரண்டு விசாரணை நடந்தது. அந்த 15 ஏன் வந்தது என்று ஒரு விசாரணையும் நடக்கவில்லை.

கிளிசரின்

துணைப் பொருளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பயோடீசல் 100 கிலோ எடுத்தால் கிளிசரின் 10 கிலோ போலக் கூடவே வரும். அதை விற்ற பணத்தைப் பயோடீசல் செலவில் கழித்துவிடுவோம். 2000களில் பயோடீசல் ஆலைகள் பெருகியதும் கிளிசரின் சந்தையில் கொட்டிக் கிடந்தது, விலை சரிந்தது. எங்கள் ஆலையில் எண்ணெய் அளவு மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, பயோடீசலின் அடக்கவிலை மட்டும் ஏறியது.

உற்பத்தித் தலைவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவர் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "உலகச் சந்தையில் கிளிசரின் விலை என் கட்டுப்பாட்டில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எது முக்கியப் பொருள், எது துணைப் பொருள் என்பதும் நிரந்தரமில்லை. 19ஆம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய்க்காகத்தான் கச்சா எண்ணெயைக் காய்ச்சினார்கள். பெட்ரோல் அப்போது வேண்டாத பொருள். கார் வந்து அதை மாற்றியது.

ஓய்வு_காஸ்டிங்

எல்லோரும் ஒரே இடத்தில் சுற்றுகிறீர்கள். என் அனுபவம் சின்னது: கணினித் துறைக் கட்டணம் அதிகம் என்று ஒரு துறை வெளியே போனது, பின்னாலேயே இன்னொன்றும் போனது.

இதிலிருந்து இளைஞர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். சேவைத் துறையின் நிலையான செலவு 900 என்று வையுங்கள். மூன்று துறைகள், தலைக்கு 300 மணி நேரம். மணிக்கு 1. ஒரு துறை போனால் 600 மணி நேரம், மணிக்கு 1.50. இன்னொன்றும் போனால் மணிக்கு 3. மிச்சம் இருப்பவர் முட்டாளா, அவரும் போவார். 900 மட்டும் போகாது. ஆகவே ஒரே கட்டணம் வைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். நிலையான செலவை ஆண்டுத் தொடக்கத்தில், யார் எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று கேட்டார்களோ அந்த விகிதத்தில் மொத்தமாகப் போட்டுவிடுங்கள். பிறகு பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது மாறக் கூடாது. மாறும் செலவை மட்டும் உண்மையான பயன்பாட்டுக்கு வசூலியுங்கள். அதிலும் பட்ஜெட் விகிதத்தையே வையுங்கள். உண்மை விகிதத்தை வைத்தால் சேவைத் துறையின் ஊதாரித்தனமெல்லாம் அடுத்தவர் தலையில் போகும். உண்மைப் பயன்பாட்டில் நிலையான செலவைப் பிரித்தால் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு துறை தன் பயன்பாட்டைக் குறைத்தால், ஒன்றுமே செய்யாத பக்கத்துத் துறையின் பங்கு ஏறும். ஆனால் கொள்ளளவு கேட்கும்போது எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள். அதற்கும் வழி உண்டு. கேட்டதைத் தாண்டிப் பயன்படுத்தினால் கூடுதல் விகிதம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம், நிலையான செலவை…

மூன்றாம்_ஷிப்ட்

சார், இது அனுபவப் பகிர்வு. வெளியே போன துறைக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.

ஓய்வு_காஸ்டிங்

திரும்பி வந்தது. வெளியில் கட்டணம் ஏறியதும் வந்தது. அதற்குள் சர்வரை விற்றிருந்தோம்.

தணிக்கைப்பை

@மூன்றாம்_ஷிப்ட், உங்கள் கதையில் தவறு பங்கீட்டில் இல்லை, அதைப் படித்தவரிடம். பிரிநிலைக்கு முன் ஆன செலவு, மேலும் சுத்திகரிக்கலாமா என்ற முடிவுக்குள் வரவே கூடாது. கூடுதல் வரவு 25, கூடுதல் செலவு 15. இது முதலாண்டுப் பாடம்.

மூன்றாம்_ஷிப்ட்

முதலாண்டுப் பாடம் படித்தவர்கள்தான் சார் கையெழுத்துப் போட்டு மூடினார்கள்.

கிடங்கு

இங்கே பொருள்கள் இல்லை, இரண்டு துறைகள், ஒரு கிடங்கு. முதல் துறை தனியாக வாடகைக்கு எடுத்தால் 60, இரண்டாவது தனியாக எடுத்தால் 50. சேர்ந்து எடுத்தால் 80. 30 மிச்சம், எல்லோருக்கும் சந்தோஷம். 80ஐ எப்படிப் பிரிப்பது என்று பேசும் வரை.

முதல் துறை வந்த பிறகு இரண்டாவது வந்தால் கூடுதல் செலவு 20தான். வரிசையைத் திருப்பினால் இரண்டாவதுக்கு 50, முதல் துறைக்கு 30. ஆகவே கூட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. எதிலும் முந்திக்கொள்கிற இரண்டு தலைவர்களும் "நாங்க அப்புறம்தான் வந்தோம்" என்று வாதாடினார்கள். ஒருவர் பழைய மின்னஞ்சலைத் திறந்து தேதி காட்டினார், தாங்கள் கடைசியாகத்தான் சம்மதித்தோம் என்பதற்கு.

1933இல் அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஆரம்பித்தபோதும் இதே சண்டைதான்: ஒரே அணை, அதன் செலவில் படகுப் போக்குவரத்துக்கு எவ்வளவு, வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு. 1953இல் லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர் ஒரு வழி சொன்னார்: வரக்கூடிய எல்லா வரிசைகளையும் எடுத்து சராசரி போடு. எங்கள் கணக்கில் முதல் துறைக்கு 60, 30இன் சராசரி 45. இரண்டாவதுக்கு 20, 50இன் சராசரி 35. கூட்டினால் 80. அதற்குத்தான் கையெழுத்தானது.

இப்போது மூன்றாவதாக ஒரு துறை அதே கிடங்குக்கு வரப்போகிறது. வரிசை ஆறு விதம். கூட்டம் அடுத்த வாரம். மின்னஞ்சல்களை இப்போதே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.