877-க்குப் பதில் 877ஏ போட்ட டீபக்கர்: பூட்லோடர் பேசுகிறது, ஃபர்ம்வேர் ஏற மறுக்கிறது

வெரோபோர்டு:
வணக்கம் நண்பர்களே. ஐசிடி2 மாதிரியில், சீரியல் போர்ட்டில் ஓடும் டீபக்கர் (சிப்பில் புரோகிராமைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) ஒன்றை வீட்டிலேயே கட்டியிருக்கிறேன். சுற்றுப்படத்தில் இருப்பது பிக்16எஃப்877 மைக்ரோகண்ட்ரோலர் (சுருக்கமாக 877), 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சீரியல் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் மேக்ஸ்232. என்னிடம் 877 இல்லை, 877ஏ இருந்தது. அதே 40 கால், அதே பின் வரிசை, 8 கே ஃபிளாஷ், 368 பைட் ரேம். என்ன ஆகிவிடப்போகிறது என்று அதையே சாக்கெட்டில் செருகிவிட்டேன்.

நண்பரின் புரோகிராமரில் வைத்து பூட்லோடர் (சீரியலில் வரும் ஃபர்ம்வேரை வாங்கி சிப்பிலேயே எழுதும் சிறு புரோகிராம்) ஹெக்ஸை ஏற்றினேன், வெரிஃபை சரி. கணினியில் இருக்கும் மென்பொருளும் போர்டைக் கண்டுகொள்கிறது. டீபக்கரை இயக்கும் ஃபர்ம்வேரை இறக்க ஆரம்பித்த மறுநொடியே பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம். விபிபி (புரோகிராமிங் மின்னழுத்தம்) 12.9 வோல்ட் வருகிறது, சப்ளை 4.98. இன்னொரு 877ஏ போட்டும் பார்த்துவிட்டேன், அதுவும் இதே கதை. மூன்று ராத்திரி போயிற்று.

சாலிடர்புகை:
மேக்ஸ்232 பக்கம் என்ன கெபாசிட்டர் போட்டிருக்கீங்க? ஏ போட்ட 232-க்கு 0.1 மைக்ரோஃபாரட் போதும், வெறும் 232-க்கு 1 வேணும். இன்னொண்ணு, ஆர்பி3 கால் அந்தரத்துல தொங்குதா? எல்விபி (குறைஞ்ச மின்னழுத்தப் புரோகிராமிங்) ஆன்ல இருந்து அந்தக் கால் கொஞ்சம் மேலே ஏறினாப் போதும், சிப் புரோகிராமிங் மோடுக்குப் போய் உட்கார்ந்துக்கும்.

வெரோபோர்டு:
1 மைக்ரோஃபாரட்தான். சிப்பைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 25, 26-ஆம் துளைகளை (சீரியல் அனுப்பும், வாங்கும் கால்கள்) ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து டெர்மினலில் தட்டிப் பார்த்தேன். தட்டிய எழுத்தெல்லாம் அப்படியே திரும்பி வருகிறது, கம்பியை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆர்பி3-ஐ 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டில் கட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

பழைய அசெம்ப்ளி:
சீரியலை விடுங்க. அது பேசுறதாலதானே போர்டையே கண்டுபிடிக்குது. தகராறு அந்த 'ஏ' எழுத்தில்.

877-இல் புரோகிராம் தன் ஃபிளாஷைத் தானே எழுதும்போது ஒவ்வொரு சொல்லாக (ஒரு கட்டளை அளவு) எழுதும். முகவரி, தரவு, ஈஈகான்2 பதிவகத்தில் 55, பிறகு ஏஏ, கடைசியில் எழுது பிட். அந்த ஒரு சொல் அப்போதே ஃபிளாஷில் போய் உட்காரும். 877ஏ அப்படி இல்லை. நாலு சொல் சேர்ந்து ஒரு பிளாக். முதல் மூன்று சொல்லுக்கு நீங்கள் எழுது பிட்டைப் போட்டாலும் அது வெறும் பஃபரில்தான் போய் நிற்கும். முகவரியின் கடைசி இரண்டு பிட்டும் 11 ஆகிற நாலாவது சொல் வந்ததும்தான் பிளாக்கை அழித்து நாலையும் சேர்த்து எழுதும்.

உங்கள் பூட்லோடர் 877-க்கு எழுதினது. ஒரு சொல் எழுதி உடனே படித்துச் சரிபார்க்கிற ரகம் என்றால், அது பார்க்கப்போவது 3எஃப்எஃப்எஃப், அதாவது காலி. எழுதவில்லை என்று முடிவு கட்டி முதல் சொல்லிலேயே பிழை அனுப்பிவிடும். உங்கள் அறிகுறி அதேதான். பின் ஒத்துப்போவதும் எழுதும் முறை ஒத்துப்போவதும் வேறு வேறு சங்கதி.

ஊகத்தில் நிற்க வேண்டாம். இறக்கம் தோற்றதும் சிப்பை எடுத்து அதே புரோகிராமரில் வாசியுங்கள். ஃபிளாஷில் எங்கெங்கே என்ன இருக்கு, கான்ஃபிக் சொல் (சிப்பின் அமைப்புகளைத் தீர்மானிப்பது) என்ன, இரண்டையும் போடுங்க.

வெரோபோர்டு:
வாசித்துவிட்டேன். முதல் நாலு சொல்லில் பூட்லோடருக்குத் தாவும் கட்டளை, மேல் கோடியில் பூட்லோடர், நடுவில் முழுக்க 3எஃப்எஃப்எஃப். கான்ஃபிக் 3பி72. சோர்ஸையும் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஒவ்வொரு சொல்லுக்கும் வெரிஃபை செய்கிறது.

பழைய அசெம்ப்ளி:
3பி72 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு பொறியும் இருக்கு. 877-இல் கான்ஃபிக் சொல்லின் 10-ஆவது பிட்டுக்கு வேலையே இல்லை, யாரோ அதில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். 877ஏ-வில் 10, 9 இரண்டும் சேர்ந்து எழுத்துப் பாதுகாப்பு. உங்களுக்கு அது 01, அதாவது முதல் 2048 சொல்லை சிப் தானாக எழுத முடியாது. வெளிப் புரோகிராமரை இந்தப் பூட்டு தடுக்காது, அதனால்தான் பூட்லோடர் ஏறும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. 3எஃப்72 ஆக்குங்க. பூட்லோடரை மட்டும் திருத்தியிருந்தால் மறுபடி அதே பிழை வந்து, 'பழைய அசெம்ப்ளிக்கு ஒண்ணும் தெரியாது' என்று என்னைத் திட்டியிருப்பீர்கள்.

சோர்ஸ் இருப்பதால் எழுதும் லூப்பை மாற்றுங்கள். நாலு சொல்லை ரேமில் சேர்த்துக்கொண்டு, கடைசி இரண்டு பிட் 00 ஆக இருக்கும் முகவரியில் தொடங்கி வரிசையாக எழுதுங்க. நாலாவது முடிந்த பிறகு வெரிஃபை. 55, ஏஏ வரிசை நடக்கும்போது இன்டரப்ட் அணைந்திருக்க வேண்டும், எழுது பிட்டுக்குப் பின்னால் இரண்டு நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை) கட்டாயம்.

மின்மினி:
இவ்வளவு எதுக்கு? முழு ஃபர்ம்வேரையும் நண்பரோட புரோகிராமர்லயே நேரா ஏத்திட்டா பூட்லோடர் வேலையே இல்லையே?

பழைய அசெம்ப்ளி:
ஓடும், டார்கெட்டின் (நீங்கள் டீபக் செய்யப்போகும் சிப்) குடும்பத்தை மாற்றும் வரைக்கும். 16எஃப்-லிருந்து 18எஃப்-க்குப் போனால் மென்பொருள் வேறு ஃபர்ம்வேரை இறக்கப் பார்க்கும், அதுவும் பூட்லோடர் வழியாகத்தான். ஒவ்வொரு தடவையும் சிப்பைக் கழற்றிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு நடக்கணும்.

வெரோபோர்டு:
இரண்டு நாள் ஆயிற்று. லூப்பை மாற்றி, கான்ஃபிக்கையும் மாற்றினேன். ஃபர்ம்வேர் முழுசாக இறங்கியது! பச்சை எல்இடி எரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டார்கெட் போர்டும் 877ஏ-தான், அதைப் புரோகிராம் செய்ய முடிகிறது. ஆனால் டீபக் மோடில் ரன் கொடுத்தால் டார்கெட் பதிலே சொல்வதில்லை. என் அசெம்ப்ளி 0000-இல் நேராக கோட்டூவோடு (தாவும் கட்டளை) தொடங்குகிறது.

மின்மினி:
இது நான் பட்டது. டீபக் பண்ணணும்னா 0000-ல நாப் இருக்கணும். ஃபிளாஷோட கடைசி 256 சொல்லையும் ஸ்டாக்கில ஒரு படியையும் டீபக்கருக்கு விட்டுடணும். ஆர்பி6, ஆர்பி7 அதுக்கே சொந்தம், அதுல பட்டன் கிட்டன் மாட்டாதீங்க. ரேம்ல 70-ஆம் முகவரியையும் தொடாதீங்க. டார்கெட்டோட சொந்த கிளாக்கும் ஓடணும். புரோகிராமிங்குக்கு அது தேவையில்லை, அதனால கிரிஸ்டல் செத்திருந்தாலும் அதுவரைக்கும் தெரியாது.

வெரோபோர்டு:
நாப் போட்டேன், ஓடுகிறது. இன்டரப்ட் வெக்டர் (இன்டரப்ட் வந்தால் சிப் தாவும் முகவரி) 4-இல் இருப்பதால் இடம் பத்தாதோ என்று பயந்தேன். நாப், பக்கத்தை மாற்ற இரண்டு கட்டளை, கோட்டூ, சரியாக நாலு சொல். இப்போது ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போர்ட்சியில் ஒரு எல்இடி மாறுகிறது. டீபக்கர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மார்க்கரால் '877ஏ மட்டும், 3எஃப்72' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சாலிடர்புகை:
திருத்தின பூட்லோடர் சோர்ஸை இங்கேயே போட்டுடுங்க. என் டிராயர்லயும் நாலு 877ஏ தூங்குது.