நெல்லையில ஒரு பாப் லேபிள்: பப்ளிஷிங்கும் சேத்தே ஆரம்பிக்கலாமா?

பொருநை பீட்:
பாளையங்கோட்டையில சின்ன ஸ்டூடியோ. மெட்டு, ப்ரோக்ராமிங், மிக்ஸிங் மூணும் நானே. பாட்டு எழுத ஒருத்தர், பாட ரெண்டு பேர். வில்லுப்பாட்டுத் தாளம், மகுடம்ங்கிற தோல்வாத்திய அடியெல்லாம் சேத்து வருஷத்துக்குப் பத்து தனிப்பாட்டு விடுத மாதிரி திட்டம். லேபிளுக்கும் பப்ளிஷிங்குக்கும் தனித்தனிக் கம்பெனி வேணுமா? பாட்டு எழுதுதவர்ட்ட என்ன எழுதி வாங்கணும்? பழைய வில்லுப்பாட்டு மெட்டை எடுத்தா அது யாருக்குச் சொந்தம்?

மேலரதவீதி:
ரெண்டு கம்பெனி வேண்டாம் அண்ணாச்சி, ரெண்டு கணக்கு வேணும். ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து கெடக்கு. பதிஞ்ச ஒலி, அதாவது மாஸ்டர், ஒண்ணு. மெட்டும் வரியும் இன்னொண்ணு. மொதல்ல சொன்னது லேபிளுக்கு, அடுத்தது பப்ளிஷிங்குக்கு. நாளைக்கு வேற ஒருத்தர் அதே பாட்டைப் புதுசாப் பாடிப் பதிஞ்சா லேபிளுக்குச் சல்லிக்காசு வராது, பப்ளிஷிங்குக்கு வரும்.

பப்ளிஷிங்கோட மதிப்புக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவுல டெட்ராய்ட்ல பெர்ரி கோர்டி 1959ல குடும்ப நிதியில 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சதுதான் மோட்டவுன் லேபிள். பக்கத்துலயே ஜோபெட்டுன்னு பப்ளிஷிங் கம்பெனியும் வச்சிருந்தார். 1988ல லேபிளை 61 மில்லியன் டாலருக்கு வித்தார், ஜோபெட்டை விடல. 1997ல அதுல பாதியை மட்டும் வித்ததுக்கே 132 மில்லியன் வந்துச்சு.

எழுதி வாங்குதது 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 19வது பிரிவுப்படி. எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, ராயல்டி எவ்வளவு எல்லாம் எழுத்துல இருக்கணும், கையெழுத்தும் வேணும். காலம் குறிக்கலன்னா அஞ்சே வருஷம். இடம் குறிக்கலன்னா இந்தியா மட்டும். பாட்டு துபாய்ல ஓடும்போது உங்க கையில பேப்பரே இல்லன்னு ஆயிரும். வாங்குன உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதி.

2012 திருத்தத்துக்குப் பொறவு, எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில தங்களோட பாதியை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ கொடுக்கலாம், அவ்வளவுதான். "மொத்தமா 5,000 வாங்கிக்கிட்டேன், இனி பாத்தியதை இல்ல"ன்னு முத்திரைத்தாள்ல வாங்கி வச்சாலும் அந்த வரி நிக்காது.

இன்னொரு குழி. சட்டத்துல ஒலிப்பதிவோட 'தயாரிப்பாளர்'னா முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். மிக்ஸிங் கன்சோல்ல உக்காந்தவர்னு அர்த்தமில்ல. கோயில் கொடை விழாவுக்குக் கமிட்டிக்காரங்க துட்டு போட்டு ஒரு பாட்டு செஞ்சா, மாஸ்டர் யாருக்குன்னு அட்வான்ஸ் வாங்குத அன்னைக்கே பில்லுல எழுதிருங்க.

மகுடம்:
நாட்டார் மெட்டுப் பத்திச் சொல்லுதேன். எழுதினவர் பேர் தெரியாத பழைய மெட்டு எல்லாருக்கும் பொது. நீங்க அதுக்குப் புதுசாச் செஞ்ச இசைக்கோர்வையும் உங்க ஒலிப்பதிவும்தான் உங்களுக்கு. அடுத்தவன் அதே மெட்டை எடுத்தா தடுக்க முடியாது. ஆனா கொடையில பாடுதது எல்லாமே பழசுன்னு நினைச்சிராதீக. பல கதைப்பாட்டும் இந்தத் தலைமுறைப் புலவர்மார் எழுதினது. எழுதினவர் காலமான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. மொதல்ல குழுவை நடத்துத அண்ணாவியார்ட்ட "இது யாரு எழுதினது"ன்னு கேட்டுருங்க.

கணியான் கூத்துக் குழுவை நேர்ல பதிஞ்சா மகுடம் அடிக்கவங்க, ஆடுதவங்க, பாடுதவங்க எல்லாருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 வருஷம். அண்ணாவியார் ஒருத்தர் கையெழுத்து போட்டா குழு முழுக்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாது.

கணக்குப்புலி:
பலரும் கோட்டை விடுதது ஜிஎஸ்டிலதான். "20 லட்சத்துக்குக் கீழதானே"ன்னு சும்மா இருப்பாக. இசையமைப்பாளர் தன் மெட்டோட காப்புரிமையை மியூசிக் கம்பெனிக்குக் கொடுத்தா வரி கட்ட வேண்டியவர் அவர் இல்ல, கம்பெனிதான், ரிவர்ஸ் சார்ஜ்ல. அப்படிக் கட்டுதவருக்கு 20 லட்ச வரம்பு கெடையாது, பதிவு கட்டாயம். கம்பெனி பேர்ல மொத ஒப்பந்தம் போடுததுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாத்துருங்க.

லேபிள் பேருக்கு ட்ரேட்மார்க் 9வது வகுப்புலயும் (ஒலிப்பதிவு) 41வது வகுப்புலயும் (பொழுதுபோக்கு) போடுங்க. தனிநபர், சிறுதொழில்னா ஆன்லைன்ல வகுப்புக்கு 4,500, மத்தவங்களுக்கு 9,000. சிறுதொழில் சலுகைக்கு உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவுச் சான்று வேணும், அது இலவசம்.

பொருநை பீட்:
விவரமாச் சொன்னதுக்கு நன்றி. அடுத்தது ரிலீஸ். ஒலிப்பதிவோட அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியை, ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்புத டிஸ்ட்ரிப்யூட்டரே கொடுக்காங்களே, அது போதுமா? மெட்டு, வரிக்கான ராயல்டி வசூலிக்க காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ல நான் எப்படிச் சேரணும்?

மேலரதவீதி:
போதும். ஆனா அந்த 12 எழுத்து எண்ணை உங்க நோட்டுல எழுதி வையுங்க. டிஸ்ட்ரிப்யூட்டரை மாத்தும்போது பழைய எண்ணையே கொடுக்கணும். புதுசு வாங்கினா ஸ்ட்ரீம் கணக்கு பூஜ்யத்துல இருந்து ஓடும். கரோக்கி, ரீமிக்ஸ் ஒவ்வொண்ணுக்கும் தனி எண்.

ஐஎஸ்ஆர்சி மாஸ்டருக்கு மட்டும்தான். மெட்டுக்கும் வரிக்கும் ஐபிஆர்எஸ்ல தனியாப் பதியணும். நீங்க இசையமைப்பாளரா ஒரு உறுப்பினர், உங்க கம்பெனி பப்ளிஷரா இன்னொரு உறுப்பினர். பாட்டு எழுதுதவர் தன் பேர்ல சேரணும். யாருக்கு எத்தனை சதவீதம்னு மிக்ஸிங் முடியததுக்குள்ள ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. பாட்டு ஓட ஆரம்பிச்ச பொறவு கேட்டா ஒருத்தர் கணக்கு ஒருத்தருக்கு ஒத்து வராது.

ஃபைல் 44.1 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ், ட்ரூ பீக் (ஒலியோட உச்ச அளவு) மைனஸ் 1 டிபி தாண்டாம. கவர் படம் 3000க்கு 3000 பிக்சல்.

கடைசியா, சாம்பிள் பேக்ல (பலருக்கும் விக்குத, முன்னாடியே பதிஞ்ச ஒலித்துண்டுத் தொகுப்பு) இருந்து நாதஸ்வர லூப்போ தவில் லூப்போ எடுத்திருந்தா அந்தப் பாட்டுக்கு யூடியூப் கன்டென்ட் ஐடியை, அதாவது ஒரே ஒலி உள்ள வீடியோவைத் தானாக் கண்டுபிடிக்க வசதியை, ஆன் பண்ணாதீங்க. அதே லூப்பை வாங்கின மத்தவங்க வீடியோ மேலயெல்லாம் உங்க பேர்ல க்ளெய்ம் போய் விழும். அப்புறம் டிஸ்ட்ரிப்யூட்டர் அந்த வசதியையே நிறுத்திருவான். கொடைக்கு வார நையாண்டி மேளக்காரர் ஒருத்தரை அரை நாள் ஸ்டூடியோவுல வச்சு வாசிக்க வைங்க, கையெழுத்தும் வாங்கிக்கிடுங்க.