‘செயல் வாழிடம்’ போதுமா? ஒரு கலைச்சொல் விவாதம்

உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர் அருகிலிருந்து, சனிக்கிழமை

அன்புடையீர், வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நானும் என்னுடன் பணியாற்றும் இருவரும் சேர்ந்து சூழலியல் பயிற்சி ஏடு ஒன்றை ஆயத்தம் செய்து வருகிறோம். வரும் வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்ற பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்ட நிலையில், ஓர் உயிரினம் தன் சூழலில் எப்படிப் பிழைக்கிறது, என்ன பணி செய்கிறது என்பதைக் குறிக்கும் ‘நிச்’ (niche) என்னும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் சிக்கி நிற்கிறேன். பாடநூலில் இதற்குச் ‘செயல் வாழிடம்’ என்று இருக்கிறது. தேர்விலும் அப்படியே கேட்பார்கள். ஆகவே அதை அடியோடு விட்டுவிட முடியாது. ஆனால் அந்தச் சொல் மாணவர் மனத்தில் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அங்கே மூன்று வகை மீன்கொத்திகளைப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிறார்கள். கருப்புவெள்ளை மீன்கொத்தி நடுக்குளத்துக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நின்று, பிறகு நேராக நீருக்குள் பாய்கிறது. சிறுநீல மீன்கொத்தி கரையோரத்தில் தாழ்ந்த கிளையிலோ நாணல் தண்டிலோ உட்கார்ந்து சிறு மீன்களைப் பிடிக்கிறது. வெண்தொண்டை மீன்கொத்தியோ மின்கம்பியில் அமர்ந்து, வயல்வரப்பில் இருக்கும் வெட்டுக்கிளி, நண்டு, ஓணான், தவளை ஆகியவற்றை மீனைவிட மிகுதியாகத் தின்கிறது. வாழிடம் மூன்றுக்கும் ஒன்றுதான். பிழைக்கும் வழிதான் வேறு. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது என்று நம்பி, ‘இம்மூன்றின் செயல் வாழிடத்தை வேறுபடுத்துக’ என்று மாதத் தேர்வில் கேட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் ‘மூன்றின் செயல் வாழிடமும் குளக்கரையே’ என்று எழுதியிருந்தார்கள்.

பிழை பிள்ளைகளுடையது அன்று. செங்கல் வீடும் ஓட்டு வீடும் வீடாக இருப்பதுபோல, செயல் வாழிடமும் ஒரு வகை வாழிடம் என்றுதான் தமிழ் அறிந்த எவரும் கொள்வர். தொகையில் பின்னால் நிற்கும் சொல்தானே பொருளைத் தாங்குகிறது? வாழிடம் உயிரினத்தின் முகவரி, நிச் அதன் தொழில் என்று சூழலியலாளர் யூஜின் ஓடம் சொன்ன உவமையை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும், சொல்லின் வாலில் ‘இடம்’ ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த விளக்கம் நிற்பதில்லை. இக்குழுவின் பெரியோர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இலக்கணக் கணிப்பு சரியானது. ‘வாழிடம்’ வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் இடம் என முக்காலமும் குறிக்கும் நல்ல வினைத்தொகை. அதன் முன் ‘செயல்’ என்பதை வைத்ததால் இடம் என்னும் பொருள் நீங்கிவிடாது.

மூலச்சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். ‘நிச்’ பிரெஞ்சு மொழிவழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். சுவரில் சிலை வைப்பதற்காகக் குடைந்த குழிவு என்பது அதன் பழைய பொருள். கூடு கட்டுதலைக் குறிக்கும் வினையோடும், அதன் வழியே கூட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடும் அதை இணைப்பார்கள். நம் வீடுகளில் விளக்கு வைக்கும் குழிவுக்கு என்ன பெயர்? மாடம்; மாடக்குழி என்றும் சொல்வோம். கோயிற் சுவரில் தெய்வத் திருமேனி நிற்கும் குழிவு தேவகோட்டம். அந்த மாடத்தில் கூடு கட்டும் புறா மாடப்புறா. சுவர்க்குழிவும் பறவைக் கூடும் அவர்கள் சொல்லில் சேர்ந்து நிற்பதுபோல நம் சொல்லிலும் சேர்ந்தே நிற்கின்றன! இதை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது? ‘மாடம்’ என்றே வைக்கலாம் என்பது என் துணிபு. ஓர் உயிரினம் அழிந்தபின் அதன் நிலையை ‘வெற்று மாடம்’ என்றால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பிழைக்கும் வழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடனார் சிட்டுக்குருவியைக் காட்டுவதை வகுப்பில் சொல்லுங்கள். வாடிய ஆம்பல் இதழ் போன்ற சிறகுடைய ‘மனையுறை குரீஇ’, ‘முன்றில் உணங்கல் மாந்தி’, மன்றத்து ‘எருவின் நுண்தாது குடைவன ஆடி’, ‘இல்லிறைப் பள்ளி’யில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. முன்றிலில் காயும் தானியம் அதன் உணவு; எருப்பொடியில் ஆடுவது அதன் குளியல்; கூரையின் இறவாணம் அதன் உறைவிடம். மனிதர் குடியிருப்பை ஒட்டி அக்குருவி வாழும் வாழ்வின் கூறுகள் நான்கே அடிக்குள் அடங்கிவிட்டன.

குழுவில் ஒருவர் தனிமடலில், தொல்காப்பியத்து உரிப்பொருளிலிருந்து ‘உரியிடம்’ என்று ஆக்கலாமே என்றார். உரிப்பொருள் என்பது புணர்தல், பிரிதல் முதலிய மக்கள் ஒழுக்கம். மாவும் புள்ளும் மரமும் கருப்பொருளில் அடங்குவன. ஆகவே அந்தச் சொல் பொருந்தாது. மேலும் அதிலும் ‘இடம்’ வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்திலிருந்து, திங்கட்கிழமை

ஐயா அவர்களுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம்.

மாடம் அழகான சொல்தான். ஆனால் இன்றைய பிள்ளைக்கு மாடம் என்றால் மாடி வீடும் துளசி மாடமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஓர் அமைப்பில் ஏற்கும் பணியை ‘வகிபாகம்’ என்கிறோம். செய்தித்தாளிலும் அறிக்கையிலும் அன்றாடம் புழங்கும் சொல் என்பதால், ‘சூழல் வகிபாகம்’ என்று எழுதினால் இங்குள்ள மாணவர் விளக்கம் கேட்காமலே விளங்கிக்கொள்வார். பாகம் வடசொல் என்று ஐயா மறுப்பார் என்பது தெரியும். விளங்காத தூய சொல்லைவிட விளங்கும் கலப்புச் சொல் மேலானது என்பதே முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பில் நான் கண்டது.

ஒலிபெயர்த்து அப்படியே வைக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது; எனவே ‘நிச்சு’ என்றாக்க வேண்டி வரும். அது யாருக்கும் எதையும் உணர்த்தாது.

பறவை ஆய்வாளர், கோயம்புத்தூரிலிருந்து, திங்கட்கிழமை இரவு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே சொல்லுக்கு மூன்று பொருளைக் கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. 1917இல் ஜோசப் கிரின்னெல் கலிபோர்னியாவின் புதர்க்காட்டில் வாழும் திரஷர் என்னும் பறவையைப் பற்றி எழுதியபோது, அது ஒதுங்கும் புதரின் அடர்த்தி, இரை தேடும் தரை, தட்பவெப்பம் ஆகியவற்றையே பெரிதும் பேசினார். அங்கே நிச் என்பது சூழலில் உள்ள ஓர் இருப்பு. ஐயாவின் மாடம் அதற்குப் பொருந்தும். 1927இல் சார்லஸ் எல்டன் அதை மாற்றினார். ஒரு பேட்ஜரைக் காணும் சூழலியலாளர், ‘அதோ பாதிரியார் போகிறார்’ என்று சொல்பவரைப் போல, அந்த விலங்கு தன் சமூகத்தில் யார் என்பதையும் எண்ண வேண்டும் என்றார். எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்பதே அவருக்கு முதன்மை. வகிபாகம் அதற்குப் பொருந்தும். 1957இல் ஹட்சின்சன் மூன்றாவது பொருளைத் தந்தார். வெப்பம், ஈரம், இரையின் அளவு என ஓர் உயிரினத்தின் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஒவ்வொன்றையும் ஓர் அச்சாகக் கொண்டால், அது தொடர்ந்து வாழக்கூடிய எல்லைகள் சேர்ந்து பல பரிமாண வெளி ஒன்றை வரைகின்றன. அந்த வெளியே நிச். இதன்படி நிச் உயிரினத்துக்கு உரியது. அது சூழலில் முன்னமே காத்துக்கிடப்பதில்லை. மாடமோ விளக்கு வருவதற்கு முன்பே சுவரில் இருக்கிறது. ஐயா பொறுத்தருள வேண்டும், அவர் விரும்பும் ‘வெற்று மாடம்’ என்னும் கருத்தையே பல சூழலியலாளர் ஏற்பதில்லை.

கலைச்சொல்லை வைத்துத் தொடர் அமைத்துப் பார்த்தால்தான் அதன் வலிமை தெரியும். ஸ்காட்லாந்தின் கடலோரப் பாறைகளில் ஜோசப் கானெல் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். படகடியிலும் பாறையிலும் ஒட்டி வளரும் கொட்டலசுகளில் இரண்டு வகை அங்கே உண்டு. சிறியதான தமாலஸ் பாறையின் மேற்பகுதியிலும் பெரியதான பலானஸ் கீழ்ப்பகுதியிலும் இருந்தன. கானெல் பலானஸை அகற்றிய இடங்களில் தமாலஸ் கீழ்ப்பகுதியிலும் பிழைத்தது. அகற்றாத இடங்களில், விரைந்து வளரும் பலானஸ் அதன்மேல் ஏறி மூடியும் அடியில் நெம்பி எடுத்தும் நசுக்கியும் அதைக் கொன்றது. பலானஸோ மேற்பகுதியின் வறட்சியைத் தாங்காது. தமாலஸ் தனித்திருந்தால் எட்டக்கூடியது ஒன்று, போட்டியின்பின் அதற்கு எஞ்சியது வேறொன்று. இவ்விரண்டையும் ‘அடிப்படைச் செயல் வாழிடம்’, ‘மெய்ப்பட்ட செயல் வாழிடம்’ என்று எழுதினால் மாணவர் மூச்சு வாங்குவார்கள்.

நான் முன்வைப்பது ‘வாழ்பங்கு’. தனித்து எட்டக்கூடியது இயல்பங்கு. போட்டியின்பின் எஞ்சியது எய்துபங்கு. இரண்டு உயிரினங்களின் வாழ்பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பங்குமேவல் எனலாம். ஆசிரியை அவர்களின் மூன்று மீன்கொத்திகளும் மண்கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடுகின்றன. கூட்டளவில் பங்குமேவல் உண்டு, இரையளவில் குறைவு. பங்கு என்ற சொல்லில் ‘செய்யும் பணி’, ‘கிடைக்கும் கூறு’ ஆகிய இரு பொருளும் இருப்பதால், எல்டனும் ஹட்சின்சனும் அதற்குள் அடங்குவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரத்திலிருந்து, செவ்வாய்க்கிழமை

நண்பர் எழுதிய அறிவியலை நான் மறுக்கவில்லை. பங்கு என்பதைப் பங்கம் என்னும் வடசொல்லோடு இணைப்பாரும் உளர். பகு என்னும் வேரிலிருந்தே பகுதி, பாதி, பங்கு எல்லாம் பிறந்தன என்பது என் கருத்து. ஆகையால் தூய்மை பற்றி எனக்குத் தடையில்லை. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளும் (322) உடனே நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கேதான் ஐயமும் எழுகிறது. வள்ளுவர் சொல்வது அறம். மனமுவந்து பிறருக்குக் கொடுப்பது. பலானஸ் தமாலஸை நெம்பி எறிவதில் பகுத்துண்ணல் எங்கே இருக்கிறது? வாழ்பங்கு என்றதும் உயிர்கள் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொண்டன என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். மாடத்தில் அந்த இடர் இல்லை.

உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர் அருகிலிருந்து, புதன்கிழமை இரவு

அன்புடையீர், வணக்கம்.

இன்று மூன்று சொற்களையும் வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். மாடம் என்று கரும்பலகையில் எழுதியபோது குருவிப் பாட்டைச் சொல்ல வேண்டியிருந்தது. அதை ஆர்வத்தோடு கேட்டார்கள், ஆனால் மீன்கொத்திக்கு வந்தபோது மாடம் மீண்டும் கரைப் பொந்தாகவே ஆகிவிட்டது. வகிபாகம் இங்கே யாருக்கும் பழக்கமில்லை. வாழ்பங்கு என்று எழுதி, ‘இந்தக் குளத்தில் சிறுநீல மீன்கொத்தியின் வாழ்பங்கு என்ன?’ என்று கேட்டதும், கடைசி வரிசை மாணவி ஒருத்தி, ‘கரையோரமா உக்காந்து சின்ன மீன் புடிக்கிறது, டீச்சர்’ என்றாள். இதுவரை இந்தக் கேள்விக்கு அப்படிப்பட்ட விடை எனக்கு வந்ததில்லை.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த பாடம் ஆற்றல் ஓட்டம். ஓர் ஊட்ட மட்டத்தில் (உணவுச் சங்கிலியின் ஒரு படியில்) சேரும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த மட்டத்துக்குப் போகிறது, எஞ்சியதில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாக வெளியேறிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, அந்தப் பத்தில் ஒரு பங்குதான் வாழ்பங்கா என்று கேட்டான். நன்றாகக் கவனிக்கிற பையன். அவன் குழம்பினால் மற்றவர்களும் குழம்புவார்கள். ஆகவே ஆற்றல் பாடத்தில் பங்கு என்னும் சொல்லை முற்றிலும் நீக்கி, ‘பத்து விழுக்காடு’ என்று மாற்றிவிட்டேன்.

ஏட்டில் ‘செயல் வாழிடம் அல்லது வாழ்பங்கு’ என்று தலைப்பிட்டு, உள்ளே வாழ்பங்கு என்றே எழுதியிருக்கிறேன். தேர்வில் எந்தச் சொல் வரும் என்பதைப் பெட்டிக்குள் தனியே குறித்துள்ளேன். குருவிப் பாட்டும் இடம்பெறுகிறது. அச்சுப்படி நாளை காலை வருகிறது. குழுவின் பார்வைக்கு அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரத்திலிருந்து, வியாழக்கிழமை

அச்சுப்படி கண்டேன். மாடம் குறித்த என் கருத்தை நான் திரும்பப் பெறவில்லை. அடுத்த பதிப்புக்குள் மீண்டும் எழுதுவேன். பெரும்பான்மையோர் ஒத்துக்கொண்டபின் ஏட்டைத் தாமதிக்கச் சொல்வது முறையன்று.

ஒன்று மட்டும் உடனே திருத்த வேண்டும். ஐந்தாம் பக்கத்திலும் ஒன்பதாம் பக்கத்திலும் ‘வாழ்ப்பங்கு’ என்று அச்சாகியிருக்கிறது. இது வாழிடம் போலவே வினைத்தொகை; ஊறுகாய், சுடுசோறு என்பவற்றில் மிகாதது போல இதிலும் வல்லினம் மிகாது. ‘வாழ்க்கைப் பங்கு’ என்றால்தான் ஒற்று வரும். அச்சகத்துக்குப் போகுமுன் இரண்டு இடத்திலும் அந்தப் ‘ப்’ஐ நீக்கச் சொல்லுங்கள்.