புதுப்பிப்பு: கதவுப் பிடியில் அடித்த ஷொக்

கொழும்புக் கோட்டையில் உள்ள எங்கள் கந்தோரில் கதவுப் பிடியைத் தொட்டாலே ஷொக் அடிக்கிறது, மின் ஒழுக்கா என்று போன கிழமை கேட்டிருந்தேன். மின்னியலாளர் வந்து சோதித்தார், ஒழுக்கு இல்லை. நிலைமின்தான்.

செயற்கை இழைக் கம்பளத்தில் ரப்பர் அடிச் சப்பாத்து பட்டுப் பட்டு விலக, இலத்திரன்கள் இடம் மாறி உடம்பில் மின்னேற்றம் சேர்கிறது. சரி, வெள்ளவத்தை வீட்டில் ஏன் இல்லை? அங்கே கடற்காற்றின் ஈரம் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிந்து, மின்னேற்றத்தைச் சத்தமில்லாமல் கசியவிட்டுவிடும். கந்தோர் ஏசி அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது.

விரலில் உறைக்க ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். பயப்படாதீர்கள், மின்னேற்றம் மிகச் சொற்பம். இப்போது திறப்பின் (சாவியின்) நுனியால் முதலில் பிடியைத் தொடுகிறேன். பொறி அதில் பாய்கிறது, விரல் தப்புகிறது. கணினி மெமரி மாற்றுகிறவர்கள் மட்டும் கவனம்: நமக்கு உறைக்காத 100 வோல்ட்டே சில சிப்புகளைக் கெடுத்துவிடும்.