வீட்டு மாடியில வெள்ளி வேலை – புகை வெளிய போக எப்படி ஏற்பாடு பண்றது?

மாடிப்பட்டறை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பாண்டி முத்தியால்பேட்டைல இருக்கேன், வாடகை வீடு, மொத மாடி. வெள்ளில மோதிரம் தோடு மூக்குத்தின்னு சின்னச் சின்ன ஆர்டர் எடுத்து பண்றேன். இதுவரைக்கும் மொட்டைமாடிலதான் துண்டுகள நெருப்புல ஒட்டி பத்தவைப்பேன், ஆனா மழை வந்தா வேலை நின்னு போகுது, வெயில்ல வெள்ளி எப்ப சிவக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாம சமயத்துல பொருளே உருகிடுது. அதனால உள்ள இருக்கிற பத்துக்குப் பத்து ரூமை பட்டறையா மாத்தலாம்னு இருக்கேன். கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல், எதிர்ல ஹாலுக்குப் போற கதவு, அவ்ளோதான். கேஸ் டார்ச்ல பத்தவைக்கிறது, ஆசிட்ல போட்டு எடுக்கிறது, பஃபிங் மோட்டார்ல மெருகு போடுறது, இந்த மூணும் அங்கதான் நடக்கும். கடையில கேட்டதுக்கு சீலிங்குக்குக் கீழ ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, மாஸ்க் போட்டுக்கிட்டா போதும்னு சொல்லிட்டாங்க. பக்கத்து ரூம்ல என் நாலு வயசுப் பையன் தூங்குவான். நெஜமாவே அது போதுமா?

டக்ட்காரன்

போதாது சிஸ்டர். நான் சேதராப்பட்டு பக்கம் கம்பெனிகளுக்கு டக்ட் வேலை, அதாவது காத்து புகை போற குழாய் வேலை, பண்றவன். ஃபேன் மேல இருந்தா புகை எங்க போகும்னு பாருங்க, டேபிள்ல இருந்து கிளம்பி நீங்க குனிஞ்சு உக்காந்திருக்கிற மூஞ்சியத் தாண்டித்தான் மேல போகும். ரூம் சுத்தமாகும், ஆனா அதுக்குள்ள நீங்க மூச்சுல இழுத்து முடிச்சிருப்பீங்க. புகை வர்ற இடத்துலயே பிடிச்சு இழுக்கணும், அதுதான் விஷயமே.

டேபிள் மேல மூணு பக்கமும் மேலயும் மூடின ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்க, ஜிஐ ஷீட்ல (துத்தநாகம் பூசின இரும்புத் தகரம்), பிளைவுட் வேணாம் நெருப்பு வேலை. முன்பக்கம் மட்டும் தொறந்திருக்கணும், ரெண்டடி அகலம் ஒன்றரை அடி உயரம்னு வச்சுக்கோங்க. அந்த வாய் 3 சதுர அடி, அதுல காத்து நிமிஷத்துக்கு 100 அடி வேகத்துல உள்ள போகணும்னா நிமிஷத்துக்கு 300 கன அடி இழுக்கணும். ஃபேன் பெட்டி மேல போட்டிருக்கிற கணக்கு குழாய் மாட்டாம எடுத்தது, குழாயும் வளைவும் சேந்தா குறைஞ்சிடும், அதனால நிமிஷத்துக்கு 450, 500 கன அடின்னு போட்டிருக்கிற இன்லைன் ஃபேனா (குழாய்க்கு நடுவுல மாட்டுறது) வாங்குங்க. பாத்ரூம்ல மாட்டுற சின்ன ஃபேன் இதுக்கு இழுக்காது. பெட்டி இல்லாம குழாய் வாயை மட்டும் டேபிள் ஓரமா வச்சா வேலைக்கே ஆகாது, ஆறு இஞ்ச் குழாய்னா வாயிலேர்ந்து ஆறு இஞ்ச் தள்ளினாலே இழுக்கிற வேகம் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்காயிடும்.

குழாய் ஆறு இஞ்ச், பெட்டியோட சேர்ற மொத ரெண்டு மூணு அடி ஜிஐ, அதுக்கு மேல வழவழப்பான பிவிசி போடுங்க, நம்ம ஊர் உப்புக் காத்துக்கு தகரம் சீக்கிரம் அரிச்சுடும். வளைவு எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. வாடகை வீடுன்னு சொவத்த இடிக்க வேணாம், ஜன்னல்ல ஒரு கண்ணாடிய கழட்டிட்டு அந்த அளவுக்கு ஷீட் வெட்டி ஓட்டை போட்டு குழாய வெளிய விடுங்க, காலி பண்ணும்போது திரும்ப கண்ணாடிய மாட்டிக்கலாம். ஆனா ஜன்னலோட நிறுத்திடாதீங்க. கிழக்கு ஜன்னல், மத்தியானம் கடக்காத்து நேரா அங்கதான் அடிக்கும், ஐப்பசி கார்த்திகைல வாடைக் காத்து வேற, புகைய திருப்பி உள்ளயே தள்ளிடும். கைப்பிடிச் சொவத்துக்கு மேல வரைக்கும் ஏத்தி மூடி போட்டு விடுங்க, ஒட்டின வீடுங்க, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் போகக்கூடாது.

கடலூர் பத்தர்

தம்பி குழாயப் பத்தி சரியா சொல்லிட்டாரு. நான் திருப்பாதிரிப்புலியூர்ல பரம்பரையா தங்க வேலை பாக்குறவன், அம்மாவுக்கு வேற ஒண்ணு சொல்றேன். மொதல்ல நீங்க பத்தவைக்க என்ன பொடி, அதான் உருகி ஒட்டுற உலோகம், வைக்கிறீங்க? கடையில சீக்கிரம் ஓடும்னு குடுக்கிற பொடில நெறைய கேட்மியம் கலந்தது, கேடிஎம்னு சொல்லுவாங்களே அது. கேட்மியம் 321 டிகிரிலயே உருகிடும், 767ல கொதிச்சு ஆவியாயிடும், நம்ம டார்ச் சூட்டுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. புகைய மூச்சுல இழுத்தா அப்பவே தெரியாது, சில மணி நேரம் கழிச்சு குளிரு, இருமல், நெஞ்சு இறுக்கம்னு ஜொரம் மாதிரி வரும், சாதா ஜொரம்னு மாத்திரை போட்டுட்டு படுத்தா உள்ள நுரையீரல்ல நீர் கோத்துடும், உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல போனா கிட்னிய அடிக்கும், கேன்சரும் வரும். எங்க தெருவுல மூச்சு வாங்கிக்கிட்டு வேலைய விட்டவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் உள்ள பொடி, கேட்மியம் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க, என்ன கலந்திருக்குன்னு சொல்ல முடியாதவங்ககிட்ட வாங்காதீங்க. துத்தநாகப் புகையும் நல்லது கிடையாது, அதுக்கும் ஜொரம் வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும், ஆனா தேவையில்லாம ஏன் வாங்கணும், பொடி ஓடினதும் நெருப்ப எடுத்துடுங்க.

பத்தவைக்கிறதுக்கு அடியில பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டு வச்சிருந்தா அத உடைக்காம, அறுக்காம அப்படியே நனைச்சு பிளாஸ்டிக் பைல கட்டி எடுத்துடுங்க, சூடு தாங்குற சூளைச் செங்கல் போதும். ரூமுக்குள்ள குமிட்டி, அதான் கரி அடுப்பு, மட்டும் வேணாம், அதுல வர்ற கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம ஆளை சாய்ச்சிடும்.

மாடிப்பட்டறை

ரொம்ப நன்றி ஐயா, நன்றி ப்ரோ. கடையில கேட்டுப் பாத்தேன், இப்ப வச்சிருக்கிற பொடி கேடிஎம்தானாம், எடுத்து தனியா கட்டி வச்சுட்டேன். ரெண்டு சந்தேகம். ஆசிட்டுக்கும் அந்த பெட்டியே போதுமா? பழைய வெள்ளிய நைட்ரிக்ல கரைச்சு சுத்தம் பண்ணலாம்னும் ஒருத்தர் சொன்னாரு. இன்னொண்ணு, மே மாசம் சீலிங் ஃபேன் இல்லாம இந்த ரூம்ல உக்காரவே முடியாது, என்ன பண்றது?

லாஸ்பேட்டை வாத்தியார்

நான் பிளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். நைட்ரிக்க வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க மேடம், பெட்டி இருந்தாலும் சரி. வெள்ளியும் செம்பும் அதுல கரையும்போது பழுப்பா ஒரு வாயு கிளம்பும், நைட்ரஜன் டை ஆக்ஸைடு, காத்த விட கனம், கீழ தங்கும், கொழந்தை இருக்கிற வீடு. அதுவும் உடனே காட்டாது, லேசா இருமிட்டு நல்லா இருக்கிற மாதிரி இருந்துட்டு ஒரு நாள் கழிச்சுகூட மூச்சுத் திணறல் வரும். பழைய வெள்ளிய சுத்திகரிக்கிற இடத்துல குடுத்து மாத்திக்கோங்க, அந்தக் காசு போனா போகட்டும். பத்தவச்ச கருப்பு போறதுக்கு எலுமிச்சை உப்ப (சிட்ரிக் ஆசிட்) தண்ணில கரைச்சு வெதுவெதுப்பா மூடி வச்சா போதும், கொதிக்க விட வேணாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும் அவ்ளோதான். பத்தர் ஐயாங்க புளி போட்டு கொதிக்க வைக்கிறதும் இதே மாதிரி ஒரு லேசான அமிலம்தான்.

மாஸ்க் கேட்டீங்க. என்95 தூசிக்கு நல்லது, பஃபிங் போடும்போது கண்டிப்பா மூஞ்சியோட ஒட்டி போடுங்க. வாயுவ அது தடுக்காது. துணி மாஸ்க் எதுக்குமே ஆகாது.

டக்ட்காரன்

சீலிங் ஃபேன் விஷயத்துக்கு வர்றேன். டார்ச் எரியும்போது மட்டும் அத ஆஃப் பண்ணித்தான் ஆகணும், இல்லன்னா பெட்டிக்குள்ள போற காத்த கலைச்சு ரூம் பூரா பரப்பிடும். முதுகுக்குப் பின்னாடி டேபிள் ஃபேன் வைக்கிறதும் தப்பு, பின்னாடிலேர்ந்து காத்து அடிச்சா உங்க ஒடம்புக்கு முன்னாடி ஒரு சுழல் உண்டாகி புகைய மூஞ்சிக்கே இழுத்துட்டு வரும். காத்து பக்கவாட்டுலேர்ந்து மெதுவா வரணும். வெளிய எவ்ளோ தள்ளுறீங்களோ அவ்ளோ உள்ள வரணும்ங்கிறது இன்னொண்ணு, கதவு ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டா ஃபேன் சும்மா சுத்தும். அதுக்காக பையன் ரூம் கதவ தொறக்க வேணாம், ஹால் கதவோட அடியில காத்து வர்ற மாதிரி ஒரு ஜாலி (ஓட்டை போட்ட தடுப்பு) போட்டுக்கோங்க. ஏசி போட்டாலும் அது இருக்கிற காத்தையேதான் சுத்த விடும், வெளிய தள்ளாது.

எல்லாம் மாட்டினதும் ஒரு ஊதுபத்திய கொளுத்தி நீங்க பத்தவைக்கிற இடத்துல புடிங்க, நீங்களும் வழக்கமா உக்கார்ற மாதிரியே உக்காருங்க. புகைக் கோடு நேரா பெட்டிக்குள்ள போகணும். மேல எழும்பி நெத்திக்கு வந்தா வாய இன்னும் சின்னதாக்கணும், இல்ல ஃபேன் பத்தல. காலைல ஒரு தடவ, கடக்காத்து அடிக்கிற நேரத்துல ஒரு தடவ, ரெண்டு வேளையும் பாருங்க.

கடலூர் பத்தர்

சிலிண்டர பெட்டிக்குப் பக்கத்துல வைக்காதீங்கம்மா, கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட படுத்து ஓடும். வாசனை வந்தா எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, சிலிண்டர் வால்வ மூடிட்டு ஜன்னல தொறந்துட்டு பையனத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துடணும். கரண்டு போயி ஃபேன் நின்னா நெருப்பையும் அப்பவே நிறுத்திடுங்க, பாதில இருக்குதேன்னு பாக்காதீங்க.

அப்புறம் பஃபிங் தூசி. மோட்டாருக்குன்னு தனியா உறை போட்டு, பின்னாடி தூசி பிடிக்கிற பை வச்சு இழுக்கணும், டார்ச் பெட்டியோட சேக்காதீங்க, அந்த தூசில நெருப்பு பத்தும். பைல சேர்றதுல வெள்ளியும் இருக்கும், எடுத்து வச்சுக்கிட்டு சுத்திகரிக்கக் குடுத்தா காசாகும். ரூம விளக்குமாத்தால பெருக்காதீங்க, ஈரத்துணியால தொடச்சு எடுங்க, வேலை செஞ்ச துணியோட பையனத் தூக்காதீங்க.