புதுப்பிப்பு: நால்வர் குடும்பத்தின் மளிகைச் செலவு குறைந்தது

சாப்பாட்டில் கைவைக்காமல் மாதம் 14,000 ரூபாய் மளிகை, காய்கறிச் செலவை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதமாக 11,000-க்குள் நிற்கிறது.

அதிகம் கைகொடுத்தது உழவர் சந்தை யோசனைதான். வாரம் இருமுறை காலை ஏழு மணிக்குள் போய்விடுகிறேன். கீரையெல்லாம் அப்போதுதான் பசுமையாகக் கிடைக்கிறது. அப்புறம் ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய். இத்தனை நாள் வாங்காமலே விட்டிருந்தோம். வேக நேரமாகிறது, அரை மணி நேரம் ஊறவைத்தால் சரியாகிவிடுகிறது. பாமாயில் 25 ரூபாய், பொரிக்க மட்டும். தாளிக்க நல்லெண்ணெய்தான், அதை விட மனமில்லை.

மொத்தமாக வாங்கும் யோசனை மட்டும் ஒத்துவரவில்லை. ஐந்து கிலோ ரவையில் வண்டு வைத்துவிட்டது. வாங்கியவுடன் வறுத்து, ஆறவிட்டு டப்பாவில் போட்டிருக்க வேண்டும்.