காட்சியைக் கண்டு கவினுற எழுதுக: ரெடிமேட் பத்தி போதுமா?

காரிமங்கலம்_தமிழ்:
ஒரு படத்தைக் கொடுத்து அதை வருணிக்கச் சொல்லும், பத்தாம் வகுப்புத் தமிழில் வரும் 5 மதிப்பெண் வினா இது. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பத்தி டியூஷன் நோட்டுகளில் சுற்றுகிறது. "நான் கண்ட காட்சி என் கண்ணையும் கருத்தையும் கவர்ந்தது. இதுபோன்ற காட்சியை இதுவரை கண்டதில்லை. இதை வருணிக்கச் சொற்களே இல்லை." வருணிக்கச் சொன்ன கேள்விக்குச் சொற்களே இல்லை என்று பதில் எழுதினால் திருத்துகிறவர் எதற்கு மதிப்பெண் போடுவார்? இந்த மனப்பாடத்தை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

பாலக்கோடு_மாலைவகுப்பு:
சார், மெல்லக் கற்கும் பிள்ளைகளையும் நினைச்சுப் பேசுங்க. அவங்க இலக்கு 35. சொந்தமா எழுதுன்னு விட்டா பேனாவைக் கடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், கடைசியில இடம் காலி. நாலு வரி மனப்பாடமா இருந்தா ரெண்டு மார்க்காவது தேறும். முழு மார்க் வாங்குற பிள்ளைக்கு உங்க வழி சரி, மத்தவங்களுக்கு?

காரிமங்கலம்_தமிழ்:
மெல்லக் கற்போருக்குத்தான் படம் வசதி, மேடம். விடையே கண்முன் அச்சடித்து இருக்கிறது. 180 நிமிடம், 100 மதிப்பெண் என்று கணக்குப் போட்டால் இந்த வினாவுக்கு 9 நிமிடம். முதல் ஒரு நிமிடம் எழுதவே கூடாது. படத்தில் உள்ள ஐந்து பொருளை ஓரத்தில் பென்சிலால் குறிக்கட்டும். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஒரு வினை, எப்படிச் செய்கிறது என்று ஒரு சொல். ஒகேனக்கல் படம் என்றால் பாறை, அருவி, திவலை, பரிசல், துடுப்பு. அதிலிருந்து வருவது இது:

"கரும்பாறைகளின் இடுக்குகளில் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. விழுந்த வேகத்தில் திவலைகள் புகைபோல் மேலெழுகின்றன. கீழே வட்டப் பரிசல் ஒன்று மெல்லச் சுழல்கிறது. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் அதைத் திருப்புகிறார். உள்ளே இருப்பவர்கள் விளிம்பை இறுகப் பற்றியிருக்கிறார்கள்."

இதில் 'அழகிய', 'எழில்மிகு' எதுவும் இல்லை. மேலிருந்து கீழே, பிறகு பரிசலுக்குள் என்று பார்வை ஒரே திசையில் இறங்குகிறது. அருவியிலிருந்து கரைக்கடைக்குத் தாவி, மறுபடி அருவிக்கு வந்தால்தான் பத்தி குழம்பும்.

பாலக்கோடு_மாலைவகுப்பு:
படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சொந்த வாக்கியம்னா பிழையும் சொந்தமா வரும். மனப்பாடப் பத்தியில அந்தத் தொல்லை இல்ல.

பர்கூர்_மாமரம்:
பிழைகள் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே? "பரிசல்கள் சுற்றுகிறது" என்று எழுவாய் பன்மையும் பயனிலை ஒருமையுமாக நிற்கும். 'அருவியை கண்டு' என்று ஒற்று விட்டுப்போகும், இரண்டாம் வேற்றுமை விரிவுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற ஒரு விதியை மட்டும் பிடித்தாலே பாதி சரியாகும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வர வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு காலம் மாறுவது: "விழுகிறது" என்று தொடங்கி மூன்றாம் வரியில் "குளித்தார்கள்" என்று போய்விடும். படம் என்றால் நிகழ்காலத்திலேயே நிற்கச் சொன்னால் போதும்.

மனப்பாட நோட்டிலும் பிழை உண்டு, மேடம். 'எங்கள் மாவட்டம்' கட்டுரைக்கு இன்னும் சில நோட்டுகளில் தருமபுரி மாவட்டத்துக்குள் ஓசூரும் கிருஷ்ணகிரி அணையும் இருக்கின்றன. 2004-லேயே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஒகேனக்கல் தருமபுரியில், தென்பெண்ணையின் மேல் கட்டிய அணை கிருஷ்ணகிரியில். 8 மதிப்பெண் கட்டுரையில் இந்த ஒரு வரி போதும், பழைய நோட்டைப் பார்த்து எழுதியது என்று காட்டிக்கொடுக்க.

ஊத்தங்கரை_பெற்றோர்:
நடுவில் ஒரு சந்தேகம். கவிதையாக எழுதினால் கூடுதல் மதிப்பெண் என்கிறார்களே?

காரிமங்கலம்_தமிழ்:
கவிதையும் எழுதலாம், உரைநடையும் எழுதலாம். ஆனால் உரைநடை வாக்கியத்தை மூன்று மூன்று சொல்லாக உடைத்து அடுக்கினால் கவிதை ஆகாது, இடம்தான் வீணாகும். எதுகை மோனை இயல்பாக வருகிற பிள்ளை எழுதட்டும். மற்றவர்கள் எட்டுப் பத்து வாக்கியம், ஒவ்வொன்றும் ஏழெட்டுச் சொல்லுக்குள்.

பாலக்கோடு_மாலைவகுப்பு:
சரி, நடுவழி ஒண்ணு சொல்றேன். தொடக்க வரி ஒண்ணு, முடிவு வரி ஒண்ணு மனப்பாடம். நடுவுல ஐந்து பொருள் எழுத வெற்றிடம். பிள்ளைக்குப் பிடிச்சிக்க ஒரு கொம்பு வேணும் சார்.

பர்கூர்_மாமரம்:
அந்தத் தொடக்க வரி "கண்ணையும் கருத்தையும்" என்று இருக்கக்கூடாது. "இப்படத்தில் ஒரு மாந்தோப்பு காணப்படுகிறது" என்று பொருளின் பெயரோடு தொடங்கட்டும். நம் பக்கத்துப் பிள்ளைக்கு மாந்தோப்பில் எழுத என்ன குறைச்சல்? தாழ்ந்த கிளை, மூக்கு வளைந்த கிளிமூக்கு மாங்காய், தொரட்டி, கூடை, கீழே விரித்த வைக்கோல். ஆனால் படத்தில் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும். தெரியும் என்பதற்காக மாங்கூழ் தொழிற்சாலை வரை போய்விடக்கூடாது.

காரிமங்கலம்_தமிழ்:
தொடக்க வரிக்கு ஒப்புக்கொள்கிறேன். முடிவு வரிக்கு மாட்டேன். "இயற்கையைக் காப்போம்" என்ற முடிவு வரியைப் பேருந்து நிலையப் படத்துக்கும் எழுதி வைக்கிறார்கள்.

பாலக்கோடு_மாலைவகுப்பு:
அதுக்குப் படத்துக்கு ஏத்த மாதிரி மூணு முடிவு வரி கொடுத்துடறேன் சார். இயற்கைக்கு ஒண்ணு, உழைப்புக்கு ஒண்ணு, உதவிக்கு ஒண்ணு. எது பொருந்தும்னு பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். காலாண்டுத் தேர்வுத் தாள் வந்ததும் ரெண்டு வழியிலும் எழுதினதைப் பெயர் மறைச்சு இங்கேயே போடுவோம், நீங்களே திருத்துங்க.